திரும்பிப் போகச் சொன்னவர்கள்

எங்கள் மையத்துக்கு வருகிற பெண்கள் முதல் நாள் அதிகம் பேச மாட்டார்கள். குடிக்கத் தண்ணீர் கேட்பார்கள், போனை சார்ஜில் போடலாமா என்பார்கள், கைப்பிள்ளையோடு வந்திருந்தால் பால் கிடைக்குமா என்பார்கள். அவ்வளவுதான். இரண்டாம் நாள்தான் பேச்சு வரும். அவர்களில் கிறிஸ்தவப் பெண் யாராவது இருந்தால், என் பெயரைக் கேட்டு நானும் வேதக்காரிதான் என்று தெரிந்துகொண்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி அநேகமாக எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்.

"அக்கா, நான் வீட்டை விட்டு வந்தது பாவமா?"

தென் மாவட்டம் ஒன்றில் பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையத்தில் ஆறு வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டம் இது. போலீஸ் உதவி, மருத்துவ உதவி, சட்ட உதவி, கவுன்சிலிங், தங்க இடம் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். தங்க இடம் என்றால் ஐந்து நாள். அந்த ஐந்து நாளுக்குள் ஒரு பெண் தன் மீதி வாழ்க்கைக்கு என்ன செய்வது என்று யோசித்துவிட வேண்டும், நாங்களும் அதற்கு ஏதாவது வழி பண்ணிவிட வேண்டும். இந்த ஐந்தை முடிவு செய்தவர் யாரோ, அவர் ஒரு நாளும் ராத்திரி பதினோரு மணிக்குப் பிள்ளையையும் கட்டைப்பையையும் தூக்கிக்கொண்டு தெருவில் நின்றிருக்க மாட்டார்.

நான் நின்றிருக்கிறேன். அதனால்தான் இந்த வேலைக்கே வந்தேன். என் கதையில் பெரிய விசேஷம் ஒன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் கோயில் பாடகர் குழுவில் டெனர் பாடுவார், அசனப் பண்டிகை என்கிற சபை விருந்துக்கு முன்னால் நின்று வேலை செய்வார், ஊரில் அவரைப் பற்றித் தப்பாக ஒரு வார்த்தை யாரும் சொல்ல மாட்டார்கள். வீட்டில் வேறு ஆள். மூன்று தடவை அம்மா வீட்டுக்கு ஓடி வந்தேன், மூன்று தடவையும் திருப்பி அனுப்பினார்கள். முதல் தடவை அம்மா. "நாங்களும் பட்டவங்கதான்" என்றாள். இரண்டாவது தடவை பெரியப்பாவும் இரண்டு மாமாக்களும். மூன்றாவது தடவை எங்கள் போதகர் வந்து உட்கார்ந்து காப்பி குடித்து, வேதத்தில் மல்கியா புத்தகத்தை எடுத்து, தள்ளிவிடுதலை, அதாவது விவாகரத்தை, கர்த்தர் வெறுக்கிறார் என்ற வசனத்தை வாசித்து, தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி, அவருடைய காரிலேயே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். கெட்ட மனுஷன் என்று அவரைச் சொல்ல மாட்டேன். அவருக்கு அதற்கு மேல் தெரியவில்லை. அந்த வசனத்தின் மறுபாதியில் கொடுமையினால் தன் வஸ்திரத்தை மூடுகிறவனைப் பற்றியும் இருக்கிறது, அதே மூச்சில் சொன்னதுதான். எனக்கு அது தெரிய நாலு வருடம் ஆனது. நானே ஒரு மத்தியானம் அந்த அதிகாரத்தை எடுத்து வாசித்தபோதுதான் கண்ணில் பட்டது. ஏன் எல்லோரும் பாதியிலேயே நிறுத்தினார்கள் என்று இன்றைக்கு வரைக்கும் யோசிக்கிறேன்.

நாலாவது தடவை நான் எங்கேயும் ஓடவில்லை. மணிக்கட்டு ஒடிந்துவிட்டது, ஆஸ்பத்திரிக்குப் போனேன். மாடிப்படியில் விழுந்துவிட்டேன் என்று சொன்னேன். எங்கள் வீட்டுக்கு மாடியே கிடையாது. அங்கே இருந்த நர்ஸ், வயசான அம்மா, கட்டுப் போட்டுக்கொண்டே என் முகத்தைக்கூடப் பார்க்காமல், "படியில விழுந்தா கழுத்துல விரல் தடம் எப்படி விழும்?" என்று கேட்டார். அப்புறம் டியூட்டி டாக்டரிடம் போய் ஏதோ பேசினார். ஏ.ஆர். காப்பியில் கணவர் தாக்கியதாக எழுதினார்கள். விபத்துப் பதிவேட்டு நகலைத்தான் அப்படிச் சொல்வது. அந்த ஒற்றைத் தாள்தான் பின்னால் கோர்ட்டில் எனக்காகப் பேசியது. இன்றைக்கு என்னிடம் வருகிற பெண்களிடம் நான் முதலில் கேட்பதும் அதைத்தான்: ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா, என்ன சொன்னீங்க, என்ன எழுதினாங்க. கீழே விழுந்துவிட்டேன் என்று பத்தில் எட்டுப் பேர் சொல்லியிருப்பார்கள்.

என்னை அன்றைக்கு அந்த நர்ஸ் வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. ஒரு லேடீஸ் ஹாஸ்டல் வார்டனுக்குப் போன் போட்டார். அந்த அறையில் உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. இதைச் சொன்னால் சிரிப்பாக இருக்கும், அன்றைக்கு ராத்திரி அதைப் போட்டுப் போட்டுத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஜெபம் பண்ணவில்லை. வரவில்லை. கோயிலுக்குப் போனாலும் கர்த்தருடைய ஜெபத்தில் "மன்னிக்கிறதுபோல" என்ற இடம் வரும்போது வாய் தானாக மூடிக்கொள்ளும், சுற்றி நிற்பவர்கள் முடித்து ஆமென் சொல்லும்வரை தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டு வருடம் அப்படித்தான் போனது. ஆண்டவர் என்னை விட்டுவிட்டாரா, நான் அவரை விட்டுவிட்டேனா என்று தெரியாத காலம் அது. அப்போது நான் வாசித்தது சங்கீதங்கள் மட்டும், அதிலும் 88-ஆம் சங்கீதம். மற்ற புலம்பல் சங்கீதங்கள் அநேகமாகக் கடைசியில் துதியில் போய் முடியும். இது முடியாது. அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று சொல்லி அப்படியே நின்றுவிடும். இப்படி ஒரு பாட்டையும் வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்களே, அப்படியென்றால் நான் இருக்கிற நிலைமையிலும் பேச அனுமதி இருக்கிறது என்று தோன்றியது. எனக்கு நம்பிக்கை திரும்பி வந்தது அந்த வழியாகத்தான், சாட்சிக் கூட்டத்தில் கைதட்டி வரவில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன். மையம் அரசாங்கத்துடையது. இந்துப் பெண்கள் வருகிறார்கள், முஸ்லிம் பெண்கள் வருகிறார்கள். நான் மேஜையில் வேதப்புத்தகம் வைப்பதில்லை, யாரிடமும் ஜெபிக்கலாமா என்று நானாகக் கேட்பதில்லை. அடிபட்டு வந்து நிற்கிறவளிடம் மதம் பேசுவது அவள் கையைப் பிடித்து முறுக்குவதற்குச் சமம் என்று நினைக்கிறேன். என்னோடு ஊழியம் செய்கிற சில சிநேகிதிகளுக்கு இதில் வருத்தம் உண்டு. இருக்கட்டும். ஆனால் அவர்களாகவே அந்தக் கேள்வியைக் கேட்டால் நான் நழுவுவதில்லை.

போன வருடம் ஒரு பெண் வந்தாள். ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். இரண்டு பிள்ளைகள், கணவனுக்குக் குடி, தையல் மெஷின் வைத்துக் குடும்பத்தை ஓட்டினாள், கடைசியில் அந்த மெஷினையும் விற்றுவிட்டான். பாவமா என்று கேட்டாள். நான் வேதத்தில் வருகிற ஆகார் என்ற அடிமைப் பெண்ணைப் பற்றிச் சொன்னேன். எஜமாட்டியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடினவள், தண்ணீரண்டை உட்கார்ந்திருந்தாள், ஆண்டவர் அவளைத் தேடிப் போனார், "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று அவருக்கு அவள் பேர் வைத்தாள், அடிமைப் பெண் ஒருத்தி தேவனுக்கே பேர் வைக்கிறாள் பார்த்தியா என்றெல்லாம் நன்றாகத்தான் சொன்னேன்.

அவள் கேட்டுவிட்டு, "ஆனா அக்கா, அந்தத் தூதன் அவளைத் திரும்பிப் போகத்தானே சொன்னான்? எஜமாட்டி கைக்குள்ள அடங்கி இருன்னு?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. உண்மைதான். ஆதியாகமம் 16-இல் அப்படித்தான் இருக்கிறது. ஓய்வுநாள் பள்ளியில் நான் இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லிக் கொடுத்திருக்கிறேன், அந்த வரியை வேகமாகக் கடந்து போயிருக்கிறேன். போதகரை மல்கியாவுக்காகக் குறை சொன்ன நான் செய்ததும் அதே வேலைதான், எனக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டேன். "எனக்குத் தெரியல, யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, டி.ஐ.ஆர். படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

அந்தப் படிவத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-இல் வந்தது. பாதுகாப்பு அலுவலர் மூலமாக மாஜிஸ்திரேட்டுக்குப் போகிற குடும்ப நிகழ்வு அறிக்கைதான் டி.ஐ.ஆர். அடி மட்டும் இல்லை, கெட்ட வார்த்தை, சம்பளத்தைப் பிடுங்குவது, படுக்கையில் பலவந்தம் எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. கணவன் வீட்டில் தொடர்ந்து குடியிருக்கிற உரிமையையும் இந்தச் சட்டம் தருகிறது, வீடு அவன் பேரில் இருந்தாலும் சரி. அறுபது நாளில் முடிக்க முயல வேண்டும் என்றும் இருக்கிறது, நான் பார்த்த கேஸ் ஒன்றும் அப்படி முடியவில்லை. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்புகிற ஒன்றரை மணி நேரம் இருக்கிறதே, அதில் நடப்பது வேறு. தேதி, இடம், என்ன செய்தான், யார் பார்த்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு நான் எழுத எழுத, அந்தப் பெண்ணுக்கு அது முதல் தடவையாகத் தன் தலைவிதியாக இல்லாமல், இன்னார் இன்ன தேதியில் செய்த குற்றமாகத் தெரிகிறது. தையல் மெஷின் விற்றதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டாள். பொருளாதார வன்முறை என்று ஒரு பகுதி இருக்கிறது, அதில் என்றேன். "இதுக்கெல்லாம் பேர் இருக்கா?" என்றாள்.

என் அம்மாவுக்கு அந்தப் பேரெல்லாம் இருக்கவில்லை. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டம் 1869-இல் வெள்ளைக்காரன் போட்டது. கணவன் எவ்வளவு அடித்தாலும் அந்த அடி மட்டும் மனைவிக்கு விவாகரத்துக்குக் காரணமாகாது, அவனுக்கு வேறு பெண்ணோடு தொடர்பும் இருப்பதாக நிரூபிக்க வேண்டும். கணவனுக்கோ மனைவியின் தொடர்பு ஒன்றே போதும். 2001-இல்தான் இதைத் திருத்தினார்கள். "நாங்களும் பட்டவங்கதான்" என்று அம்மா சொன்னபோது எனக்கு வந்த கோபம், இந்தச் சட்டத்தைப் பயிற்சியில் படித்த அன்றைக்குப் பாதியாகக் குறைந்தது. அவளுக்குக் கதவே இல்லாமல் இருந்திருக்கிறது.

ஆகார் விஷயம் உறுத்திக்கொண்டே இருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் எதைப் பற்றி என்று எனக்கு ஞாபகம் இல்லை, நான் பெஞ்சில் உட்கார்ந்து ஆதியாகமத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 21-ஆம் அதிகாரத்தில் ஆகார் மறுபடியும் வெளியே வருகிறாள், இந்தத் தடவை அப்பத்தோடும் தண்ணீர்த் துருத்தியோடும் அனுப்பிவிடுகிறார்கள். தண்ணீர் தீர்ந்துபோகிறது, பிள்ளை சாகிறதைப் பார்க்கமாட்டேன் என்று தூரப் போய் உட்கார்ந்து அழுகிறாள். ஆண்டவர் பிள்ளையின் சத்தத்தைக் கேட்கிறார். இந்தத் தடவை திரும்பிப் போ என்ற பேச்சே இல்லை. அவள் கண்ணைத் திறக்கிறார், பக்கத்திலேயே ஒரு துரவு, தண்ணீர்க் கிணறு, இருக்கிறது. பிள்ளை வனாந்தரத்திலேயே வளர்ந்து வில்வித்தைக்காரன் ஆகிறான். முதல் தடவை ஏன் அப்படிச் சொன்னார் என்பதற்கு இது பதில் ஆகாது, எனக்கு அது இன்னும் கஷ்டமான வரிதான். ஆனால் அந்தப் பெண்ணிடம் போய் மீதிக் கதையைச் சொல்ல முடிந்தது. அன்றைக்கு அவளுக்கு நாலாம் நாள்.

அவள் உடனே கேட்டாள், "எனக்குத் துரவு எங்க இருக்குக்கா?" நான் காப்பக முகவரியையும், இலவசச் சட்ட உதவி வக்கீலின் பெயரையும், ஒரு ரெடிமேட் துணிக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள் என்பதையும் எழுதிக் கொடுத்தேன். அப்போது என்னிடம் இருந்தது அவ்வளவுதான்.

ஒருமுறை டோனாவூருக்குப் போயிருந்தேன். அங்கே சிறுமிகளுக்கு அடைக்கலம் கொடுத்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையாரின் கல்லறை இருக்கிறது. கல்லறைக்கல் வைக்கக்கூடாது என்று சொல்லியிருந்தாராம், பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்து அதில் "அம்மா" என்று மட்டும் எழுதியிருக்கிறது. 1901-இல் பிரீனா என்ற ஏழு வயதுச் சிறுமி, சிறுமிகளைத் தேவதாசிகளாக்க வளர்த்த இந்துக் கோயில் வீட்டிலிருந்து தப்பி அவரிடம் வந்து சேர்ந்தாள், அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் பிரீனா ஓடியது அது முதல் தடவை இல்லை. அதற்கு முன்பு ஒரு தடவை தப்பித்துத் தூத்துக்குடியில் இருந்த பெற்ற தாயிடமே போயிருக்கிறாள், தாய் பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்துவிட்டாள், தண்டனையாகக் கைகளில் சூடு போட்டிருக்கிறார்கள். சின்ன வயதில் கேட்டபோது அம்மையாரைத்தான் நினைத்துக்கொண்டேன். இப்போது அந்தத் தாயைத்தான் அதிகம் நினைக்கிறேன்.

மன்னிப்பைப் பற்றியும் கேட்பார்கள். மன்னித்துவிட்டால் கேஸை வாபஸ் வாங்க வேண்டுமே என்று சமரசத்துக்கு வருகிற பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். இரண்டும் வேறு வேறு என்று ஒவ்வொரு தடவையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் என் வீட்டுக்காரரை மன்னித்தேனா? ஒரு நாள், ஜீவனாம்ச வாய்தாவுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது, அவர் செத்துப்போக வேண்டும் என்று நான் ரொம்ப நாளாக நினைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான் நடந்தது. வாய்தாவுக்குத் தொடர்ந்து போனேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் அவளைக் காப்பகத்துக்கு அனுப்பினோம். காவலுக்கு இருக்கிற அக்கா, அவர் அம்மன் பக்தை, பிள்ளைகள் இரண்டுக்கும் பிஸ்கட் வாங்கிக் கொடுத்து நெற்றியில் திருநீறு பூசிவிட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆட்டோவில் ஏறி அந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை.

கிட்டத்தட்ட ஏழு மாதம் கழித்து எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் தையல் மெஷின்கள் ஓடுகிற சத்தம். "அக்கா, நேத்து கோயிலுக்குப் போனேன். கடைசி பெஞ்சுல இருந்தேன். பாட்டு மட்டும் பாட வரல. சின்னவன் என் பாட்டுப் புஸ்தகத்தை வாங்கி அவனே பாடினான், எல்லாம் தப்புத் தப்பா."