கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டு வீடு

புதுக்கோட்டையிலிருந்து காரைக்குடிக்குப் போகிறவர்கள் திருமயத்தில் கோட்டைப் பைரவர் முன்னால் வண்டியை நிறுத்தித் தேங்காய் உடைத்துவிட்டுப் போவார்கள். எங்கள் பூர்வீக வீடு அந்தக் கோட்டைக்குப் பக்கத்துத் தெருவில்தான் இருக்கிறது. 1687-இல் ராமநாதபுரம் சேதுபதி மன்னர் கட்டிய கோட்டை. ஊர்க்காரர்கள் வாயில் அது எப்போதும் ஊமையன் கோட்டை. கோட்டையும் மலையடிவாரத்துக் குடைவரைக் கோயில்களும் எங்களுக்குச் சின்ன வயதில் விளையாட்டு இடங்கள், அவ்வளவுதான். தொல்லியல் துறை வைத்திருக்கும் நீலப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு நாளும் நின்று படித்ததில்லை.

2021 மழையில் வீட்டின் முன்கட்டு ஓடு சரிந்தது. கைமரம் ஐந்தாறு உளுத்துப் போயிருந்தது. அப்பாவுக்கு எழுபத்தாறு வயது. அந்த வீட்டை விட்டு வரமாட்டேன் என்கிறார். பழசை இடித்துவிட்டு மாடியோடு ஒரு கான்கிரீட் வீடாகக் கட்டிவிடலாம் என்று நானும் தம்பியும் முடிவு செய்தோம். உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரித்தபோது ஒரே கேள்வி: "தொல்லியல் என்.ஓ.சி. இருக்கா?" தொல்லியல் துறை தரும் தடையில்லாச் சான்றைத்தான் கேட்டார்கள்.

சட்டத்தை அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பழங்கால நினைவுச்சின்னங்களைப் பாதுகாக்கும் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2010-இல் திருத்தியிருக்கிறார்கள். மத்தியத் தொல்லியல் துறை பாதுகாக்கும் சின்னத்தின் எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கு அப்பால் இன்னும் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வளையத்தில் புதிதாக ஒரு செங்கல்கூட வைக்க முடியாது. இரண்டாவது வளையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு கட்டலாம். மீறினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தஞ்சைப் பெரிய கோயிலுக்கும் அதே நூறு மீட்டர், வயற்காட்டு நடுவில் தனியாக நிற்கும் ஒரு சிறு மண்டபத்துக்கும் அதே நூறு மீட்டர்தான். இது எனக்கு இன்றுவரை சரியாகப் படவில்லை. ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

"நம்ம வீடு நூறுக்கு வெளியிலடா" என்றார் அப்பா. அவரே ஆள் வைத்து டேப் பிடித்திருந்தார்: மதில் சுவரிலிருந்து வாசல்படி வரை 104 மீட்டர். எல்லோரும் செய்யும் தப்பு இது. அளக்க வேண்டியது கோட்டைச் சுவரிலிருந்து அல்ல, பாதுகாக்கப்பட்ட இடத்தின் எல்லையிலிருந்து. அந்த எல்லை மதிலுக்கு வெளியேயும் நீள்கிறது. முறையாக அளந்தபோது எங்கள் திண்ணை 78 மீட்டரில் வந்தது. மனையோ நம் பக்கத்து வழக்கப்படி நீளமானது: திண்ணை, ஆளோடி, முற்றம், இரண்டாங்கட்டு, அடுப்படி, கொல்லை. நூறாவது மீட்டர் சரியாக எங்கள் அடுப்படிக்குள் போய் விழுந்தது. அளக்க வந்தவர் சுவரில் சிவப்புச் சாயத்தால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போனார். அம்மா இருந்திருந்தால் அந்த மனுசர் அன்றைக்கு நல்லா வாங்கிக் கட்டியிருப்பார்.

ஆக மாடி வீட்டுக் கனவு போயிற்று. மிச்சம் இருந்த வழி, பழுது பார்ப்பது. தடை செய்யப்பட்ட பகுதிக்குள் 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடம் என்றால், அதைப் பழுது பார்க்கவும் புதுப்பிக்கவும் மனுச் செய்யலாம். அந்தத் தேதிக்குக் காரணம், நூறு, இருநூறு என்று முதன்முதலில் அறிவிக்கை வந்த நாள் அதுதான். வீடு அதற்கு முன்பே இருந்தது என்று நாங்கள் நிரூபிக்க வேண்டும்.

தாத்தா கட்டிய வீட்டுக்கு என்ன நிரூபணம் என்று நினைத்தேன். மூலப் பத்திரத்தில் மனைக்கு நான்கு எல்லை இருந்தது, வீட்டைப் பற்றி ஒரு வரி இல்லை. பட்டா அப்பா, பெரியப்பா இரண்டு பேர் பெயரிலும் கூட்டாக இருந்தது. மதுரையிலிருக்கும் பெரியப்பா மகனிடம் சம்மதக் கடிதம் வாங்கவே ஒரு மாதம் ஆனது. கடைசியில் காப்பாற்றியது அப்பத்தாவின் தகரப் பெட்டி. 1986 தொடங்கி வீட்டு வரி ரசீதுகள் நூலில் கோத்துக் கிடந்தன. மின் இணைப்பு அட்டை இருந்தது. கூடவே 1987-இல் அத்தை கல்யாணத்தில் எடுத்த ஒரு படம்: பெண் மாப்பிள்ளைக்குப் பின்னால் எங்கள் திண்ணைத் தூண், ஓட்டுக் கூரை, அதற்கும் மேலே கோட்டை மதில். அதையும் பிரதி எடுத்து இணைத்தேன். பழைய ரசீதை யாரும் தயவு செய்து எடைக்குப் போடாதீர்கள்.

அடுத்தது வரைபடம். இருக்கிற வீடு தனியாக, செய்யப்போகும் வேலை தனியாக. உயரத்தை இரண்டு விதமாகக் கேட்கிறார்கள்: கைப்பிடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, மாடிப்படிக் கூண்டு இவை இல்லாமல் எவ்வளவு, இவற்றோடு சேர்த்து எவ்வளவு என்று. புதுக்கோட்டைப் பொறியாளர் ஒருவர் அழகாக வரைந்து கொடுத்தார். தலைப்பில் மட்டும் வழக்கம்போல் 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று போட்டிருந்தார். நானும் கவனிக்கவில்லை.

மனு திரும்பி வந்தது.

சட்டத்தில் மறுகட்டுமானம் வேறு, பழுதுபார்ப்பு வேறு. அதே நீள அகலத்தில், அதே உயரத்தில் திரும்ப எழுப்பினாலும் அது மறுகட்டுமானம்தான். நூறு மீட்டருக்குள் அதற்கு இடமில்லை. இருக்கிற கட்டடத்தில் செய்யும் மாற்றம் மட்டும்தான் பழுதுபார்ப்பு. ஒரே ஒரு சொல்லுக்காக ஏழு வாரம் போனது. அதோடு கொல்லைப்புறக் குளியலறையையும் அதே படத்தில் சேர்த்திருந்தோம். அது நூறுக்கு வெளியே வரும் புதுக் கட்டுமானம். அதைத் தனியாகக் கேளுங்கள் என்றார்கள். கேட்டோம்.

மனு போகும் பாதையையும் சொல்லிவிடுகிறேன். தகுதிவாய்ந்த அதிகாரி என்று ஒருவர் இருக்கிறார், மனு அவருக்குத்தான். அவர் 15 நாளில் டெல்லியிலுள்ள தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்துக்குள் பரிந்துரைக்க வேண்டும். அது வந்த ஒரு மாதத்தில் அதிகாரி முடிவைச் சொல்ல வேண்டும். ஏட்டுக் கணக்கு மூன்றரை மாதம். எங்களுக்குத் திருப்பி அனுப்பியது, இடத்தைப் பார்க்க ஆள் வந்தது எல்லாம் சேர்த்துப் பதினோரு மாதம் ஆனது. எந்த மேசையில் எத்தனை நாள் தூங்கியது என்பதை விட்டுவிடுகிறேன். யாரும் பணம் கேட்கவில்லை. அதையும் சொல்ல வேண்டும். இடைத்தரகர் ஒருவர் மட்டும் "சார், நான் முடிச்சுத் தர்றேன்" என்று மூன்று முறை போன் செய்தார்.

இதெல்லாம் மத்தியத் தொல்லியல் துறையின் பட்டியலில் உள்ள சின்னங்களுக்கு. எங்கள் மாவட்டத்தில் சித்தன்னவாசல், குடுமியான்மலை, நார்த்தாமலை, கொடும்பாளூர் மூவர் கோயில் எல்லாம் அந்தப் பட்டியல்தான். மாநிலத் தொல்லியல் துறையின் சின்னம் என்றால் சட்டமே வேறு, 1966-ஆம் ஆண்டுச் சட்டம். உங்கள் ஊர்ச் சின்னம் யார் கையில் இருக்கிறது என்று முதலில் பலகையைப் பார்த்துவிட்டு அலையுங்கள்.

அனுமதி வந்த பிறகுதான் நிஜமான வேலை. கொத்தனார் எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர், பெரிய கைகாரர். ஓட்டைப் பிரித்ததும் முற்றத்துப் பக்கத்து மண்சுவர் வயிறு தள்ளி நிற்பது தெரிந்தது. "தம்பி, இதைத் தட்டிட்டுப் புதுசா எழுப்பிருவோம். ரெண்டு நாள் வேலை. கோட்டையிலருந்து யாரு எட்டிப் பாக்கப் போறா?" என்றார். தட்டினால் அது மறுகட்டுமானம். அனுமதிக் கடிதத்தை எடுத்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். பிறகு முட்டுக் கொடுத்து, தளர்ந்த இடத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சுண்ணாம்புக் கலவையில் சேர்த்துக் கட்டினார். ரெண்டு நாள் வேலை பதினெட்டு நாள் ஆனது. கூலியும் அதற்கேற்றபடி. கைமரத்துக்குப் பனை கிடைத்தது. பழைய ஓட்டில் பாதிதான் தேறியது. மோட்டு உயரம் ஒரு அங்குலம் கூடவில்லை. வேலைக்கு முன்னும் பின்னும் நாலு பக்கமும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இப்போது வீடு ஒழுகவில்லை. அப்பா திண்ணையில் படுத்துக்கொண்டு கோட்டையைப் பார்க்கிறார். கொல்லையில் குளியலறை 101-ஆவது மீட்டரில் தொடங்குகிறது.

அடுப்படிக்கு வெள்ளையடிக்கும்போது எல்லாச் சுவரையும் அடித்த கொத்தனார் அந்தச் சிவப்புக் கோட்டை மட்டும் விட்டுவிட்டார். ஏன் என்று கேட்டேன்.

"அந்தக் கோட்டைக்காகத்தானே தம்பி இந்தக் கோடு? கெடக்கட்டும். அடுத்த தடவை டேப்பு புடிக்க வேண்டியதில்ல."