அடுத்த ஆட்டம் யாருடையது?

"செத்துவிட்டேன்" என்றான் வீடியோ கேம் ஆடிக்கொண்டிருந்த மகன், சோபாவில் சாய்ந்தபடியே. அடுத்த நொடி பொத்தானை அழுத்தினான், உயிர் வந்துவிட்டது. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

என் கை மட்டும் ஏனோ சட்டைப்பையைத் தடவியது. நாணயம் தேடுகிற பழைய பழக்கம்.

நாணயம் போட்டு ஆடும் வீடியோ கேம் கூடமான ஆர்கேடில் சாவுக்கு விலை உண்டு. திரையின் கீழ் விளிம்பில் நாணயத்தை வைத்துவிட்டு நிற்போம். 'அடுத்தது நான்' என்று அதற்குப் பொருள். ஆடுகிறவனின் முதுகில் நாலு பேர் மூச்சு விடுவார்கள். அந்த மூச்சுக்குப் பயந்தே பாதி உயிர் போகும்.

1978-இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ் என்ற ஆர்கேடு ஆட்டத்தில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். முதலில் அது திட்டமிட்டதல்ல; வரைய வேண்டியவை குறைந்ததால் இயந்திரம் விரைந்தது. அந்தத் தற்செயலே ஆட்டத்தின் உயிராகிவிட்டது. வேடிக்கை பார்ப்பவனுக்கும் கை வியர்க்கும்.

1980-இல் அதுவே, தொலைக்காட்சியில் இணைத்து ஆடும் அடாரி பெட்டியில் வீட்டுக்குள் வந்தது. வசதிதான், மறுக்கவில்லை.

நேற்றிரவு மகனின் பெட்டியில் நானும் இரண்டு மணி நேரம் ஆடினேன். என் வாழ்நாளின் அதிகபட்சப் புள்ளிகள்! பெயருக்கு மூன்று எழுத்து கேட்டது. பதித்தேன்.

திரும்பிப் பார்த்தேன். வீடே தூங்கிக்கொண்டிருந்தது.