50 மில்லி பெட்டியும் என் கைப்பிடி வேலையும்

காட்பாடில மரப் பட்டறை வெச்சிருக்கேன், கதவு ஜன்னல் கட்டில், இதான் பொழப்பு. கம்மவான்பேட்டைல வீட்டுக்கு ஒரு மிலிட்டரிக்காரர்னு சொல்வாங்கல்ல, அந்தப் பக்கத்துல ரிட்டயர் ஆகி வந்த ஒரு சார், .22 பிஸ்டல்ல 25 மீட்டர் போட்டிக்கெல்லாம் போறவரு, ஒரு நாள் வால்நட் கைப்பிடி ஒண்ண மட்டும் துண்டுல சுத்திக் கொண்டாந்தாரு. "தம்பி, சுடுறதெல்லாம் இடது பக்கமே போவுது, பேரல் மேல தப்பில்ல, இந்தக் கட்டதான் எங்கியோ தள்ளுது"ன்னாரு.

எனக்கு சிரிப்புதான் வந்துச்சு, குண்டு போறது இரும்புக் குழாய்ல, மரம் இன்னா பண்ணும்? அப்புறம் ரேஞ்சுக்கே கூட்டினு போயி காட்டுனாரு. இந்தப் பிஸ்டல்ல குறி பாக்கற முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் நடுவுல அதிகபட்சம் 22 சென்டிமீட்டர்தான் இருக்கலாமாம். கை மொத்தமா 1 மில்லிமீட்டர் நகர்ந்தா குண்டும் 1 மில்லிதான் நகரும், ஆனா முன் சைட்டு மட்டும் 1 மில்லி ஒதுங்குச்சுன்னா 25 மீட்டர்ல 11 சென்டிமீட்டர் தள்ளிப் போயிடும், நிதானமா சுடுற பிரிசிஷன் டார்கெட்ல பத்து மார்க் வட்டம் மொத்தமே 5 சென்டிமீட்டர்தான். இது எனக்கு சட்டுனு புரிஞ்சுது, கீல் கிட்ட ஒரு நூல் தப்புனா கதவு அந்தாண்ட முனையில எவ்ளோ இடிக்கும்னு தெரியாதா.

டிரிகர் குறைஞ்சது 1 கிலோ இழுக்கணும், ஆனா பிஸ்டலே 1.4 கிலோவுக்கு மேல இருக்கக் கூடாது, அப்போ விரல் நேரா பின்னாடி வராம கொஞ்சம் பக்கவாட்டுல அமுத்துனாலும் மூக்கு திரும்பத்தான் செய்யும். மரத்துல சாக்பீஸ் பொடிய தடவி டிரிகர இழுங்க சார்னேன். சும்மா இழுக்கக் கூடாதாம், .22-ல தீப்பொறி மருந்து தோட்டாக் கூட்டோட விளிம்புக்குள்ள இருக்கு, அடிக்கற ஊசியும் விளிம்பத்தான் அடிக்கும், உள்ள ஒண்ணும் இல்லன்னா பேரலோட பின்பக்க வாயவே கொத்திடும்னு டம்மி தோட்டா ஒண்ண போட்டு இழுத்தாரு. பாத்தா ஆள்காட்டி விரலோட அடிக்கணு மரத்த ஒரசின தடம் பளிச்சுனு தெரியுது. கைப்பிடிய கழட்டிக் குடுத்தாரு, அந்த எடத்துல ஒரு 2 மில்லி அரத்தால எடுத்தேன், அவ்ளோதான், அடுத்த அஞ்சு குண்டும் நடுவுக்கு வந்துச்சு.

அவரோடது மேகசின், அதான் தோட்டா அடுக்கற டப்பா, டிரிகருக்கு முன்னாடி இருக்கற மாடல். சாதா பிஸ்டல்ல மேகசின் கைப்பிடிக்குள்ளயே போவும், அந்த ஓட்டைய சுத்தித்தான் மரம், இஷ்டத்துக்கு செதுக்க முடியாது. இதுல பேரலும் கைக்கு ரொம்ப மேல இல்லாம தாழ்வா உக்காந்திருக்கு, சுட்டதும் மூக்கு அவ்வளவா தூக்காது, ஸ்டாண்டர்ட் பிஸ்டல்னு ஒரு போட்டில கடைசி கட்டத்துல 10 செகண்டுக்குள்ள அஞ்சு குண்டு போடணும், அங்கதான் இதோட அருமை தெரியும்.

ரெண்டாவது வேலைலதான் சொதப்பிட்டேன். உள்ளங்கை பள்ளத்துக்கு பட்டி வெச்சு நல்லா மெத்து மெத்துனு ஏத்தி, அதோட வுடாம கட்டிலுக்குப் போடற மாதிரி பாலிஷும் போட்டுட்டேன். நம்மூர் அக்னி நட்சத்திரத்துல அது சோப்பு கணக்கா வழுக்குச்சு. அது கூட பரவால்ல, போட்டில 300க்கு 150க்கு 50 மில்லின்னு ஒரு பெட்டி வெச்சிருப்பாங்க, துப்பாக்கி முழுசா அதுக்குள்ள அடங்கணும், நான் பண்ண கைப்பிடி 54. போன் வந்துச்சு. திட்டல, "தம்பி, உப்புத்தாள் எத்தினி நம்பர் வாங்கறது"ன்னு மட்டும் கேட்டாரு, எனக்கு நாக்க புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு.

அன்னிக்கு சாயங்காலமே பிளைவுட்ல அதே அளவுக்கு ஒரு பெட்டி அடிச்சு பட்டறைல மாட்டிட்டேன். கதவுக்கு ஆர்டர் குடுக்க வர்றவங்க இன்னா இது, எலிப் பொறியான்றாங்க.