மடை விடுற தண்ணி

பெட் ஸ்கேன் எண்களை வைத்து மூளையில் ஒரு நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடுவது என் வேலை. ஸ்கேன் எடுப்பது வெளிநாட்டில். கணக்குப் போடுவது வீரவநல்லூரில், எங்கள் வீட்டு மாடியில்.

நொதியின் பெயர் மோனோ அமைன் ஆக்சிடேஸ் பி. டோபமைன் என்ற மூளை வேதிப்பொருளைச் சிதைப்பது, வயது ஏற ஏறக் கூடுவது. அதைப் பார்க்க டெப்ரெனில் மருந்தில் கார்பன்-11 என்ற கதிரியக்கக் கார்பனை ஏற்றி ஊசி போடுவார்கள். பார்க்கின்சன் நோய்க்கு செலிஜிலின் என்று கொடுக்கிறார்களே, அதே மருந்துதான். நொதியில் ஒட்டினால் மறுபடி விடாது. கார்பன்-11-இன் அரைவாழ்வு 20 நிமிடம்தான் என்பதால் எல்லாம் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

ஒருவருக்கு இரண்டு முறை ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டாவதில், மூளையின் நடுவிலுள்ள தலாமஸ் என்ற பகுதியின் எண் நன்றாகக் கூடியிருந்தது. நொதி கூடிவிட்டது என்று எழுதி அனுப்பிவிட்டேன். அன்றிரவே உறுத்தியது. நொதி குறைவான பகுதிகளில் பெரிய மாற்றம் இல்லையே, தலாமஸில் மட்டும் ஏன்?

கார் பருவத்துக்குக் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விட்டிருந்த நேரம் அது. மறுநாள் காலை பெரியப்பாவோடு வயலுக்குப் போனேன். எந்த வயல் அதிகம் குடிக்கும் என்று கேட்டேன்.

“வெடிச்சுக் கிடக்க வயலு வர்ற தண்ணிய எல்லாம் குடிச்சிரும்லா. அதுக்கு எம்புட்டு வேணும்னு எப்பிடில தெரியும்? மடை எம்புட்டு விடுதுன்னுதான் தெரியும்.”

என் தவறு அங்கேயே புரிந்துவிட்டது. ரத்தத்திலிருந்து மருந்து மூளைக்குள் வரும் வேகம் கே1, திரும்பிப் போவது கே2, நொதி பிடித்துக்கொள்வது கே3. மொத்தத்தில் சேர்வது கே1-ஐ கே3-ஆல் பெருக்கி, கே2, கே3 இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தது. தலாமஸில் நொதி ஏராளம், அதனால் கே2-ஐ விட கே3 மிகப் பெரியது. அப்போது விடை கிட்டத்தட்ட வெறும் கே1 ஆகிவிடுகிறது. நான் அளந்தது நொதியை அல்ல, ரத்த ஓட்டத்தை. கணினியில் கே3-ஐ மாற்றாமல் ஓட்டத்தை மட்டும் கூட்டிப் பார்த்தேன். தலாமஸ் எண் அப்படியே ஏறியது.

இந்தச் சிக்கலுக்கு அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வகத்தில் ஜோனா ஃபௌலர் குழுவினர் 1980களிலேயே வழி கண்டிருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த வேதியியல் அது. மருந்தில் நொதி உடைக்கும் இடத்திலுள்ள ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் என்ற கனமான ஹைட்ரஜனை வைத்தார்கள். அந்தப் பிணைப்பை உடைப்பது கடினம், அதனால் நொதி பிடிக்கும் வேகம் குறைகிறது. மடையை மாற்றாமல் வயல் குடிக்கும் வேகத்தைக் குறைப்பது போல. அப்புறம் நொதியின் வேறுபாடு எண்ணில் தெரிய ஆரம்பிக்கிறது. புகைப்பவர்களின் மூளையில் இந்த நொதி சுமார் 40 சதவீதம் குறைவு என்று 1996-இல் அதே குழு சொல்ல முடிந்ததற்கு இந்த மருந்தும் ஒரு காரணம்.

எங்கள் ஸ்கேன்கள் சாதாரண டெப்ரெனிலில் எடுத்தவை. எடுத்ததை மாற்ற முடியாது. அதனால் கே1-ஐ கே2-ஆல் வகுத்து, அதை கே3-ஆல் பெருக்கி, அந்த எண்ணைக் கொடுக்கத் தொடங்கினேன். ஓட்டம் கூடினால் கே1, கே2 இரண்டும் சேர்ந்தே கூடும், வகுக்கும்போது கழிந்துபோகும். தலாமஸில் பிழை வரம்பு இன்னும் அகலமாகத்தான் இருக்கிறது. அதை மறைக்காமல் பக்கத்திலேயே எழுதுகிறேன்.

முதல் அறிக்கை தவறு என்று அன்று மாலையே எழுதினேன். அடுத்த தொகுதிக்கு டியூட்டீரியம் மருந்து வேண்டும் என்றும் அதிலேயே கேட்டேன்.