பத்து ஆண்டுப் பழைய கடிதம்

2011-இல் நடந்த மோட்டார் சைக்கிள் விபத்தில் என் வலது கை போய்விட்டது. கை இருக்கிறது, சட்டைக்குள் தொங்கிக்கொண்டு. கழுத்திலிருந்து அதற்கு வரும் நரம்புகள் தண்டுவடத்தில் சேரும் இடத்திலேயே பிய்ந்துவிட்டன. இரண்டு அறுவைச் சிகிச்சை, மூன்று ஆண்டு பிசியோதெரபி. 2014 மார்ச்சில் சிறப்பு மருத்துவர் கடைசிக் கடிதத்தை எழுதினார்: இனி முன்னேற்றத்தை எதிர்பார்ப்பதற்கில்லை, மருத்துவமனைக்கு வரத் தேவையில்லை.

பிரிட்டனில் உடல் இயலாமைக்கு அரசு தரும் உதவித்தொகையான பிப் (PIP) வாங்குகிறவர்களுக்கு அவ்வப்போது மீளாய்வுப் படிவம் வரும். 2024-இல் எனக்கு வந்தபோது நான் அலட்டிக்கொள்ளவில்லை. எதுவும் மாறவில்லை என்று எழுதி, வீட்டில் கிடைத்த அந்தக் கடிதத்தின் முதல் பக்கத்தைச் சேர்த்து அனுப்பினேன். இரண்டாவது பக்கம் வீடு மாறியபோது எங்கோ தொலைந்திருந்தது.

அரசுத் துறையின் பதிலில், பத்து ஆண்டுகளாகச் சிறப்பு மருத்துவர் எவரையும் நான் பார்க்கவில்லை என்று ஒரு வரி. அதனால், அன்றாட வேலைகளில் உள்ள சிரமத்துக்கு அவர்கள் போடும் புள்ளிகள் 10-இலிருந்து 6 ஆகிவிட்டன. உதவித்தொகையின் அன்றாட வாழ்க்கைப் பகுதி கிடைக்க 8 வேண்டும். வாரம் 72.65 பவுண்ட் நின்றது. மருத்துவர் கைவிட்டதை, நோய் கைவிட்டதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்! அன்று எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுதப் போவதில்லை.

மறுபரிசீலனை கேட்க ஒரு மாதம் இருந்தது. முதலில் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசினேன். பெரியவர்களின் கோப்புகளை, அவர்கள் கடைசியாக வந்துபோனதிலிருந்து எட்டு ஆண்டுகள்தான் வைத்திருப்பார்களாம், என்னுடையதை அழித்துவிட்டார்கள். குடும்ப மருத்துவரின் கோப்பு அப்படியல்ல, அது நம் வாழ்நாள் முழுவதும் இருக்கும். எழுதிக் கேட்டேன். நம் கோப்பை நாம் கேட்டால் பொதுவாகக் கட்டணம் கிடையாது. மூன்றாவது வாரம் வந்த காகிதக் கட்டில் அந்த இரண்டாவது பக்கம் சற்றுச் சாய்வாக ஸ்கேன் ஆகியிருந்தது. அதன் கடைசி வரி: "இந்தப் பாதிப்பு நிரந்தரமானது."

இந்த முறை அதை வெறுமனே சொருகி அனுப்பவில்லை. பழைய கடிதம் அது எழுதப்பட்ட நாளை மட்டுமே சொல்லும். அந்த நாளிலிருந்து இன்றுவரை நாம்தான் கயிறு கட்ட வேண்டும். அறுந்த நரம்பு வளர்ந்தாலும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர்தான். வேரோடு பிய்ந்தது தானாக வளர்ந்து சேர்வதில்லை. ஒன்றிரண்டு ஆண்டுகள் நரம்பில்லாமல் கிடந்த தசை பிறகு உயிர்பெறாது. ஆகவே 2014-இல் வராத அசைவு 2024-இல் வந்திருக்க வழியில்லை என்று எழுதினேன். நரம்பு வலிக்கு மாதந்தோறும் வாங்கும் கேபபென்டினின் மருந்துப் பட்டியலை அடுத்து வைத்தேன். கடைசிச் சீட்டு அதற்கு முந்தைய மாதத்தது. 2019 மதிப்பீட்டறிக்கையையும் தொலைபேசியில் கேட்டு வாங்கினேன். அவர்களுடைய மதிப்பீட்டாளரே "வலது கையில் பிடிமானம் இல்லை" என்று எழுதியிருந்தார். எனக்கு மிகவும் பிடித்த சான்று அதுதான்.

குறைந்த நான்கு புள்ளிகளில் இரண்டு சமையலில் போயிருந்தன. மைக்ரோவேவில் சூடாக்கிச் சாப்பிடுகிறேன் என்று நேர்காணலில் சொல்லியிருந்தேன். சமைக்க முடிகிறது என்று குறித்துக்கொண்டார்கள். ஆனால் விதியில் எளிய உணவு என்பது புதிய பொருட்களைக் கொண்டு, உரித்து நறுக்கி, ஒருவருக்குச் சமைப்பது. அதையும் பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவைப்படும்போதெல்லாம், நியாயமான நேரத்துக்குள் செய்ய முடிய வேண்டும். முள் பதித்த பலகை என்னிடம் இருக்கிறது. கேரட்டை அதில் குத்தி நிறுத்தி இடது கையால் வெட்டினால் பாதியில் அது பிளந்து உருளும். அதைப் பிடித்து நிறுத்த எனக்கு இன்னொரு கை இல்லை. கத்தியோ கையில் இருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டு தொடையில் ஏற்பட்ட வெட்டு அப்படி வந்ததுதான். மூன்று தையல், தேதியோடு குடும்ப மருத்துவரின் கோப்பிலேயே இருந்தது. அந்தப் பக்கத்தையும் இணைத்தேன். தட்டில் இருப்பதை வெட்டித் தருவது மனைவி என்பதை அவளே ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டாள். என்னைவிடச் சுருக்கமாக எழுதினாள்.

ஒன்பது வாரங்கள் கழித்து 10 புள்ளிகளும் திரும்பி வந்தன. நின்றுபோன வாரங்களின் பணமும் வந்தது. வருத்தம் தெரிவித்து ஒரு வரிகூட இல்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

போன மாதம் இருமலுக்காகக் குடும்ப மருத்துவரிடம் போயிருந்தேன். மார்பில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, "கை எப்படி இருக்கிறது?" என்று பேச்சுக்குக் கேட்டார்.

"அப்படியேதான் இருக்கிறது. அதையும் எழுதிவிடுங்கள், டாக்டர்" என்றேன். அவர் தட்டச்சு செய்து முடிக்கும்வரை நாற்காலியிலிருந்து எழவில்லை.