ஜான் அர்னால்டின் பணம் போன வழி

மார்ச் 3, 2025, திங்கள்

அமெரிக்காவின் ஹூஸ்டன்காரரான ஜான் அர்னால்டைப் பற்றிப் படிக்க ஆரம்பித்திருக்கிறேன். என்ரான் என்ற எரிசக்தி நிறுவனத்தில் இயற்கை எரிவாயு வர்த்தகம் பார்த்தவர். 2001 டிசம்பரில் என்ரான் திவாலானதும், மறு ஆண்டே, பெரும் முதலீட்டாளர்களின் பணத்தை வாங்கிச் சந்தையில் துணிந்து போடும் செண்டாரஸ் என்ற ஹெட்ஜ் ஃபண்டைத் தொடங்கினார்.

2006 கதைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. மார்ச்சில் குளிர்காலம் முடியும்; கையிருப்பு தீர்ந்தால் அந்த மாத எரிவாயு விலை எகிறும், ஏப்ரலில் இறங்கிவிடும். இந்த இரண்டு மாத விலைகளுக்கும் உள்ள இடைவெளி பெருகும் என்று அமராந்த் என்ற இன்னொரு ஹெட்ஜ் ஃபண்ட் பெரும்பணம் கட்டியது. அந்த விலை மிகை என்று அர்னால்ட் எதிர்ப்பக்கம் நின்றார். அமராந்துக்கு நஷ்டம் 600 கோடி டாலருக்கும் மேல்.

மார்ச் 5, புதன்

2012இல் செண்டாரஸை மூடிவிட்டார். வயது 38தான். சொத்தில் பாதிக்கு மேல் கொடுத்துவிடுவதாக அவரும் மனைவி லாராவும் 2010லேயே உறுதி கொடுத்திருந்தார்கள்.

கொடுத்தது எதற்கு என்று பார்த்தால், புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் எனக்கு மனசு நிறைந்துவிட்டது. வெளியான ஆய்வுகளைத் திரும்பச் செய்து சரிபார்க்கவும் பணம் கொடுத்திருக்கிறார்! அந்தப் பணம் பெற்ற உளவியலாளர் பிரையன் நோசெக்கின் குழு 100 உளவியல் ஆய்வுகளை மறுபடி செய்து 2015இல் முடிவை வெளியிட்டது. மூல ஆய்வுகளில் 97 சதவீதம் புள்ளியியல்படி தேறியவை, அதாவது முடிவைத் தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாதவை. மறுமுறை தேறியது 36 சதவீதம். கட்டடம் கட்டப் பணம் கிடைக்கும், பெயர்ப்பலகையும் வைக்கலாம். சரிபார்க்கும் வேலைக்கு யார் கொடுப்பார்கள்? சந்தை விலையை அப்படியே நம்பாத மனிதருக்குத்தான் இது தோன்றும் என்று நினைக்கிறேன்.

மார்ச் 8, சனி

எல்லாமே எனக்கு உடன்பாடில்லை. கைதானவரை விசாரணை வரை வெளியே விடலாமா என்று நீதிபதிக்குச் சொல்லும் மதிப்பெண் முறை ஒன்றை அவருடைய அறக்கட்டளை உருவாக்கியது. 2013இல் கென்டக்கி மாநிலம் முழுக்க அமலானது. வயது, பழைய தண்டனைகள், வாய்தாவுக்கு வராமல் போனது என்று ஒன்பது விஷயங்களைப் பார்க்கும். இனமும் வருமானமும் அதில் இல்லை. ஆனால் போலீஸ் யாரை அதிகம் பிடிக்கிறதோ, அவர்கள் பெயரில்தான் பழைய வழக்குகளும் அதிகம் இருக்கும். அந்த ஓரவஞ்சனை மதிப்பெண்ணுக்குள்ளும் வந்துவிடாதா?

அப்புறம் அரசு ஊழியர் ஓய்வூதியச் சீர்திருத்தம். அதற்கும் அவர் பணம் கொடுத்தார். தொழிற்சங்கங்கள் கடுமையாக எதிர்த்தன. நானும் அவர்கள் பக்கம்தான். வாழ்நாள் முழுக்க உழைத்தவர்களின் பென்ஷனில் ஒரு கோடீஸ்வரரின் பணம் கைவைக்கக் கூடாது.

நோசெக் குழுவின் தரவுகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வரும் வாரம் வகுப்பில் ஓர் ஆய்வை எடுத்து, பிள்ளைகளையே மறுபடி கணக்குப் போடச் சொல்லப்போகிறேன்.