பதிமூன்று மணி காட்டும் கடிகாரம்

2004 மே மாதம். லண்டனில் படித்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறுகளில் ஒரு காபிக் கடையில் மணிக்கு நாலரை பவுண்டுக்குக் கோப்பை கழுவும் வேலை. ஒருநாள் மழைக்கு ஒதுங்க விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குள் போனவன், டிக்கெட் வாங்கி ஆங்கில உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டின் கண்காட்சியையும் பார்த்துவிட்டேன்.

1993-ல் பாரிஸ் ஃபேஷன் மேடையில் மாடல் நவோமி கேம்பெல்லைக் கவிழ்த்துவிட்ட அந்த நீலச் செருப்பு அங்கே இருந்தது. குதிகால் ஏறக்குறைய ஒரு ஜாண்! எல்லோரும் அதைச் சுற்றித்தான் நின்றார்கள். எனக்கு மனதில் ஒட்டிக்கொண்டது வேறு விஷயம். வெஸ்ட்வுட் அம்மா முதலில் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. பழைய துணிகளைத் தையல் பிரித்துப் பார்த்தே வெட்டுவதற்குப் பழகியவர். மதுரையில் எங்கள் அம்மா பிளவுஸ் தைப்பவர். பிடித்த வெட்டு கண்ணில் பட்டால், பழைய ஜாக்கெட்டைப் பிரித்து நியூஸ்பேப்பரில் வைத்து வரைந்துகொள்வார். லண்டனிலும் இதே வழிதானா என்று சிரிப்பு வந்தது.

அடுத்த வாரமே சம்பளக் கவரோடு வெஸ்ட்வுட்டின் கடையைத் தேடிக் கிளம்பினேன். ஸ்லோன் ஸ்குவேரில் இறங்கி கிங்ஸ் ரோட்டில் நடை. பக்கம்தான் என்று நினைத்தது தப்பு. நடந்தேன், நடந்தேன், தெரு முடிகிற வழியாக இல்லை. பஸ்ஸில் வந்திருக்கலாம். கடைசியில் 430-ஆம் எண். வாசலுக்கு மேலே பெரிய கடிகாரம், பதிமூன்று மணி வரை எண்கள், முட்கள் பின்னோக்கி விறுவிறுவென்று ஓடுகின்றன. உள்ளே கால் வைத்தால் தரை கப்பல் தளம்போல ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது. 1971-ல் வெஸ்ட்வுட் தன் அப்போதைய துணைவர் மால்கம் மெக்லாரனோடு தொடங்கிய இடம் இது. நாலைந்து பெயர் மாறி, 1980-லிருந்து வேர்ல்ட்ஸ் எண்ட். செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் இசைக்குழு உருவானதும் இந்தக் கடையைச் சுற்றித்தான்.

விலைச்சீட்டுகளைத் திருப்பிப் பார்த்துத் திருப்பிப் பார்த்து, கடைசியில் தள்ளுபடியில் கிடந்த ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்தேன். இரண்டு வாரச் சம்பளம். போட்டுப் பார்த்தால் ஒரு முன்பக்கம் நீளம், இன்னொன்று குட்டை. காலர் நுனிகளும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. பட்டனை மாற்றிப் போட்டுவிட்டேனோ என்று மூன்று முறை கழற்றிப் போட்டேன். கடைப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினார். அது அப்படித்தானாம்.

ஊருக்குப் போனபோது அம்மா அதைப் பார்த்தார். "இதுக்குப் போயி இவ்வளவு காசா?" என்றார். அப்புறம் உட்புறத்தைத் திருப்பி, தையலை விரலால் தடவி, வெகுநேரம் பேசாமல் இருந்தார். "பிரிச்சுப் பாக்கட்டுமாடா?" நான் சட்டையைப் பிடுங்கிக்கொண்டேன்.

2022 டிசம்பர் 29 அன்று வெஸ்ட்வுட் இறந்த செய்தி வந்தது. எண்பத்தொரு வயது. பீரோவிலிருந்து சட்டையை எடுத்தேன். எனக்கு இப்போது வயிற்றில் பட்டன் சேராது. அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, பிரித்துக்கொள்ளச் சொன்னேன்.

பொங்கலுக்குள் பாப்ளினில் ஒன்று தைத்துவிட்டார். காலர்தான் இன்னும் சரியாக உட்காரவில்லை.